வருமுன் வந்த படம்



ரந்தாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். சம்பளம் போட்ட வாரத்துச் சனிக்கிழமை இரவு திடலில் படம் காட்டுவார்கள். இரண்டு கம்பம் நட்டு நடுவே வெள்ளைத்துணி கட்டியிருக்கும். முன்னால் கிராணிமார் வீட்டு நாற்காலிகள், அவற்றின் பின்னால் பாயும் கோணிச்சாக்கும். இடம் பிடிக்கத் தவறிய பிள்ளைகள் துணிக்கு மறுபக்கம் போய் உட்காருவோம். அங்கிருந்தும் படம் தெரியும். கதாநாயகன் இடக்கையால் வாள் சுழற்றுவான். எழுத்து வலமிருந்து இடமாக ஓடும். நடிகர்களின் பெயர்களை அப்படித் திருப்பிப் போட்டே எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிக்கொண்டோம்.

பல வருடம் கழித்து ஒரு செய்தி படித்தேன். அந்தக் காலத்து லித்தோ அச்சில், கல்லின்மேல் நேரடியாக வரைந்த ஓவியர்கள் எழுத்தை இடம்வலம் மாற்றியே எழுத வேண்டும். தாளில் பதியும்போதுதான் அது நேராகும். எங்கேயோ ஒருவர், நான் உட்கார்ந்த அதே பக்கத்தில் உட்கார்ந்து எனக்கான போஸ்டரை எழுதியிருக்கிறார் என்று பட்டது. அந்த மனிதரின் வேலையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

தோட்டத்தில் படம் மாதத்தில் ஒருநாள். போஸ்டர் முப்பது நாள். இதை நாம் இதுவரை எண்ணிப் பார்க்கவில்லை. தமிழ் சினிமாவைப் பற்றி எழுதுகிறவர்கள் திரையைப் பற்றியும் பாட்டைப் பற்றியும் நட்சத்திரங்களைப் பற்றியும் எழுதுகிறார்கள். போஸ்டரைக் குப்பைத் தாளாக ஒதுக்கிவிடுகிறார்கள். பட்டணத்தில் நினைத்தபோது அரங்குக்குப் போக முடிந்தவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். சிரம்பானிலிருந்து பத்துக் கட்டை தள்ளி, விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்குக்கு நின்று, மத்தியானம் வரை பால்வெட்டி, பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய ஒரு பெண்ணுக்கு அது சரியல்ல. பஸ் காசும் டிக்கெட் காசும் சேர்ந்தால் ஒரு குடும்பத்துக்கு அது பெரிய செலவு. என் அம்மா அரங்கில் உட்கார்ந்து பார்த்த படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் வந்த படம் எல்லாம் அவருக்குத் தெரியும். சாமான் கடைச் சுவரிலும் பஸ் நிற்கும் இடத்துக் கொட்டகையிலும் ஒட்டிய தாள்களிலிருந்து தெரிந்துகொண்டார்.

அவர் போஸ்டர் பார்க்கும் விதத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் முகங்களின் அளவு. யார் பெரிசு, யார் சிறிசு. பிறகு யார் யாரைப் பார்க்கிறார்கள். பிறகு கைகள். "இவன் நல்லவன் மாதிரிதான் நிக்கிறான், ஆனா கை பின்னால இருக்கு பாரு" என்பார். மூலையில் சின்னதாக ஒரு வயதான அம்மாவின் முகம் அழுதுகொண்டிருந்தால், அந்த அம்மா இடைவேளைக்கு முன்பே செத்துப்போவார் என்று அடித்துச் சொல்வார். இப்படி ஒரு கதையை அவரே கட்டி இராத்திரி எங்களுக்குச் சொல்லுவார். மாதங்கள் கழித்து அந்தப் படம் திடலுக்கு வந்தால் சில சமயம் கதை அப்படியே இருக்கும். சில சமயம் வேறாக இருக்கும். வேறாக இருந்தபோது அம்மாவின் கதைதான் எனக்குப் பிடித்திருந்தது. இதை அன்பினால் மட்டும் சொல்லவில்லை. ஒரு நல்ல போஸ்டர் இத்தனை கதைக்கு இடம் விட்டு வைத்திருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

போஸ்டரின் குறுக்கே ஒட்டும் துண்டுத்தாளை இங்கே எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறீர்கள்? முதலில் 'விரைவில்'. அதன்மேல் 'நாளை முதல்'. அதன்மேல் 'இன்று முதல்'. கடைசியாகச் சிவப்பில் 'இன்றே கடைசி'. மரவள்ளி மாவில் காய்ச்சிய கஞ்சியால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, அந்த இடம் மட்டும் தடித்துப் போயிருக்கும். அம்மாவைப் போன்றவர்களுக்கு இந்த நான்கு துண்டும் ஒரு படத்தின் பிறப்பும் இறப்பும். 'இன்றே கடைசி' வந்தபிறகு அதைப் பற்றிய ஏக்கமும் தீர்ந்துவிடும். அடுத்த 'விரைவில்' வரும்.

தோட்டத்துச் சுவர்களில் சினிமாத் தாள் மட்டும் இல்லை. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் அரசாங்கத் தாள்களும் தோட்டத்துக்கு வந்தன. 1946-இல் தொடங்கிய மலாயன் ஃபிலிம் யூனிட் எடுத்த செய்திப் படங்களையும் அறிவுரைப் படங்களையும் தகவல் இலாகாவின் வேன்கள் கொண்டுவந்து காட்டின. நான் பிறந்து விவரம் தெரிவதற்குள் அந்தக் காலம் முடிந்துவிட்டது. ஆனால் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்: ஒரு தாள் பயமுறுத்தும், பக்கத்துத் தாள் கூப்பிடும். எது எதற்காக ஒட்டப்பட்டது, யார் பேசுகிறார்கள், நம்மிடம் என்ன கேட்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் தோட்ட மக்களுக்கு அப்போதே வந்துவிட்டது. விளம்பரத்தைப் படிக்கத் தெரியாத அப்பாவிகள் என்று நம்மைப் பற்றி எழுதியவர்கள் அந்தச் சுவர்களுக்கு எதிரே ஒரு காலைப்பொழுது நின்றதில்லை என்று நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம், நிறம். முழுநீள வண்ணப்படமாக வந்த முதல் தமிழ்ப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 1956. அதன்பிறகும் பல வருடம் பெரும்பாலான படங்கள் கறுப்பு வெள்ளைதான். போஸ்டர் மட்டும் எப்போதும் வண்ணத்தில் வரும். நாயகியின் சேலை கிளிப்பச்சை, வானம் செம்மஞ்சள், வில்லனின் கன்னத்தில் ஊதா நிழல். பிறகு திடலில் படம் ஓடும்போது எல்லாம் சாம்பலாக இருக்கும். ஏமாற்றம் இல்லை. அந்தச் சாம்பல் சேலையை நாங்கள் பச்சையாகவே பார்த்தோம். போஸ்டர் எங்கள் கண்ணுக்குள் முன்கூட்டியே நிறம் போட்டு வைத்திருந்தது. படத்தை முடித்துக் கொடுத்ததே போஸ்டர்தான் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி இந்தக் கலை எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்ப்போம்.

எஸ். எஸ். வாசன் படத்தொழிலுக்கு வருமுன் விளம்பரத் தொழிலில் இருந்தவர். 1928-இல் ஆனந்த விகடனை வாங்கியவர். ஒரு பெயரை எப்படி மக்கள் வாயில் போடுவது என்று அவருக்குத் தெரியும். 'சந்திரலேகா' 1948 ஏப்ரல் 9 அன்று வந்தது. ஆனால் அந்தப் பெயர் அதற்குப் பல வருடம் முன்பே விளம்பரத்தில் வந்துவிட்டது. அப்போது கதையே முடிவாகவில்லை. பெயர் பிடித்திருந்தது, அறிவித்தார், அவருடைய கதை இலாகா பிறகு கதை தேடியது. வரவிருக்கும் படம் என்ற ஒன்று, வந்த படத்திலிருந்து தனியாகப் பிரிந்து சொந்தக்காலில் நின்ற கதை இது. அதன் முரசு நடனக் காட்சியை நினைத்துப் பாருங்கள். பிரமாண்டமான முரசுகள், அவற்றின்மேல் ஆடும் பெண்கள். கதை ஒரு சொல்கூடத் தெரியாதவனுக்கும், தமிழ் தெரியாதவனுக்கும் அந்தக் காட்சி போதும். அதே ஆண்டு டிசம்பரில் இந்தியிலும் வெளியிட்டு வடநாட்டை அவர் பிடித்தது அந்தக் கணக்கில்தான்.

வாசனைப் போலவே விளம்பர நிறுவனத்திலிருந்து வந்த இன்னொருவர் சத்யஜித் ராய். அவர் தம் படங்களின் போஸ்டரையும் எழுத்தையும் தாமே வரைந்தார். இருவரும் வேறு வேறு துருவம். ஆனாலும் படம் தொடங்குவது அரங்கில் அல்ல, தெருவில் என்று இருவரும் அறிந்திருந்தார்கள்.

சென்னையில் கே. மாதவன் போன்ற ஓவியர்கள் நாடகத் திரைச்சீலையிலிருந்து பத்திரிகை அட்டைக்கும் நாட்காட்டிக்கும் சினிமா பதாகைக்கும் வந்தார்கள். பதாகை ஓவியம் என்பது தூரத்துக்கான ஓவியம். கிட்டே போனால் முகத்தில் பச்சைத் தீற்றலும் ரோஜாத் தீற்றலும் தனித்தனியாகக் கிடக்கும். சாலைக்கு அந்தப் பக்கம் போனால் எல்லாம் கூடி ரத்தமும் சதையுமான முகமாகும். சிறு நிழற்படத்தில் கட்டம் போட்டு, அந்தக் கட்டங்களை ஆளுயரத்துக்கும் மேலாகப் பெருக்கி, சாரத்தில் ஏறி நின்று வரைவார்கள். வரைகிறவர் கண்ணுக்கு முழுமுகம் ஒருபோதும் தெரியாது. ஒரு மூக்குத் துவாரம் தெரியும், ஒரு புருவம் தெரியும். அப்படி ஒரு பதாகை ஓவியரின் மகனாகப் பிறந்து, கோயம்புத்தூரில் தாமும் அதே தொழில் செய்த ஓவியர் ஜீவாவின் 'திரைச்சீலை', 2010-ஆம் ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதுகளில் சினிமா நூல்களுக்கான பிரிவில் சிறப்புப் பெற்றது. தூரிகை பிடித்த கை எழுதிய சினிமா நூல் என்பதால் அதற்கு என் அலமாரியில் தனி இடம்.

பெரிய போஸ்டர்கள் ஒரே தாளில் வருவதில்லை. ஆறு தாளைப் பொருத்தி ஒட்டினால்தான் ஆள் முழுசாக நிற்பார். ஒட்டுகிறவர் கை கொஞ்சம் பிசகினால் கதாநாயகிக்குக் கழுத்து ஒரு விரற்கடை நீண்டுவிடும். எங்கள் தோட்டத்துக்கு வந்தவை ஒற்றைத் தாள்கள். ஆறு தாள் போஸ்டரைச் சிரம்பானில்தான் பார்க்க முடியும். அதற்காகவே தீபாவளிச் சாமான் வாங்கப் போகும் அப்பாவோடு தொற்றிக்கொள்வேன்.

சிரம்பான் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அரங்கு முகப்புப் பதாகைகளை வரைந்தவர்களில் பலர் சீன ஓவியர்கள். ஷா சகோதரர்களின் அரங்குகளும் கேத்தே அரங்குகளும் ஒரே வாரத்தில் ஹாங்காங் படமும் மலாய்ப் படமும் தமிழ்ப் படமும் ஓட்டின. ஒரே தூரிகை புரூஸ் லீயையும் பி. ராம்லீயையும் சிவாஜியையும் வரைந்திருக்கிறது. நான் பார்த்த ஒரு முகப்பில் தமிழ்ப் பெயரின் எழுத்துகள் ஒரே கனத்தில் இல்லை. ஒவ்வொரு சுழியும் தூரிகை அழுந்தித் தொடங்கி மெலிந்து முடிந்தது. அந்த மனிதருக்குத் தமிழ் படிக்கத் தெரிந்திருக்காது. எழுத்தை ஓவியமாகவே பார்த்துத் தம் மொழியின் தூரிகைப் பழக்கத்தோடு எழுதியிருக்கிறார். அவ்வளவு அழகான 'ழ'கரத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. நம் மலாய்ப் படவுலகம் இப்படிக் கலந்து வளர்ந்ததுதான். ராம்லீயின் ஆரம்பகாலப் படங்களை இயக்கியவர்களில் எல். கிருஷ்ணனும் எஸ். ராமநாதனும் இருந்தார்கள். படத்துக்குள் நடந்த அந்தக் கலப்பைப் பற்றிப் பேசுகிறோம். முகப்பில் நடந்ததைப் பற்றி எழுத ஆள் வேண்டும்.

தமிழ் எழுத்தே போஸ்டருக்கென்று அமைந்தது போன்றது. நமக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவு இல்லை. ஆனால் கொம்பு இருக்கிறது, சுழி இருக்கிறது, தலைக்கு மேல் வளையும் 'ஈ'காரக் குறி இருக்கிறது. பழைய ஓவியர்கள் இவற்றை வாளாகவும் தீயாகவும் கொடியாகவும் இழுத்தார்கள். புராணப் படமென்றால் எழுத்து கோபுரக்கல் போல் கனக்கும். மர்மப் படமென்றால் கீழே சொட்டும். காதல் படமென்றால் ஒரே இழையாக ஓடும். எழுத்தறியாதவர்களும் படத்தின் வகையை எழுத்தின் உடம்பிலிருந்து தெரிந்துகொண்டார்கள். இன்று கணினியில் கிடைக்கும் ஒரே தடித்த எழுத்தை எல்லாப் படத்துக்கும் போடுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இதைப் பழமைப் பாசம் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். ஒரு கருவியைக் கையில் வைத்துக்கொண்டே பயன்படுத்தாமல் இருக்கிறோம் என்கிறேன்.

போஸ்டர் ஒரு மனிதருக்குப் பெயரே வைத்த கதை ஒன்று உண்டு. 1978-இல் 'பைரவி' வந்தபோது, அதை வெளியிட்ட எஸ். தாணு சென்னை பிளாசா அரங்கில் 35 அடி உயர ரஜினிகாந்த் கட்-அவுட்டை நிறுத்தி, விளம்பரத்தில் 'சூப்பர் ஸ்டார்' என்று போட்டார். அந்தப் பட்டம் தாளிலிருந்து இறங்கி இன்றுவரை மனிதரோடு நடக்கிறது. இதற்கு நேர்மாறானது 'உலகம் சுற்றும் வாலிபன்'. 1973 மே மாதம் வெளிவந்த அந்தப் படம் சுவரொட்டி ஒட்டாமலே வந்தது. பதிலுக்குச் சிறிய ஒட்டுத்தாள்கள். அவற்றை வடிவமைத்த ஓவியர்தான் பின்னாளில் நகைச்சுவை நடிகராக நாம் அறிந்த பாண்டு. பெரிய சுவர் இல்லாமல் போனபோது விளம்பரம் கைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருங்கி, பஸ்ஸிலும் சைக்கிளிலும் ஏறிக்கொண்டது. படம் எடுக்கப்பட்ட நாடுகளில் நம் மலேசியாவும் ஒன்று என்பதால் இங்கே அந்த எதிர்பார்ப்புக்குத் தனிச்சூடு இருந்தது.

எண்பதுகளில் வீடியோ வந்தது. திடல் காலியானது. 1996-இல் ஆஸ்ட்ரோ தொலைக்காட்சி வந்தது. அதற்குள் தோட்டங்களே கலையத் தொடங்கிவிட்டன. ரப்பர் போய்ச் செம்பனை, செம்பனை போய் வீடமைப்பு. செண்டாயான், நீலாய், லாபு பக்கம் போய்ப் பாருங்கள். லயங்கள் இருந்த இடத்தில் வேலி போட்ட வீடுகள். போஸ்டர் ஒட்டச் சாமான் கடையும் இல்லை, பார்க்க நின்ற கூட்டமும் இல்லை.

பிறகு 2016-இல் 'கபாலி' வந்தது. அதே தாணு, இந்த முறை தயாரிப்பாளர். ஏர்ஏசியா விமானத்தின் உடம்பிலேயே ரஜினியின் உருவத்தைத் தீட்டினார்கள். ஆறு தாள் போஸ்டருக்காகச் சிரம்பானுக்குத் தொற்றிக்கொண்டு போன நான், ஒரு விமானமே போஸ்டராக மாறியதைச் செய்தியில் பார்த்தேன். பா. இரஞ்சித் இயக்கிய அந்தப் படத்தின் கதை நம் கதை. தோட்டத் தொழிலாளிக்குச் சமமான கூலி கேட்டுத் தொடங்கும் கதை. அதில் வரும் தலைவருக்குத் தமிழ்நேசன் என்று பெயர். 1924 முதல் 2019 வரை நடந்த நம் நாளிதழின் பெயர் அது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் போஸ்டரில் என்ன இருந்தது? கோட்டு சூட்டுடன் கால்மேல் கால் போட்ட ரஜினி, பின்னால் கோலாலம்பூரின் உயர்ந்த கட்டடங்கள். ரப்பர் மரம் இல்லை. லயம் இல்லை. உலகச் சந்தைக்குப் போகும் தாளுக்கு ஊர் ஒரே பார்வையில் தெரிய வேண்டும், அதனால் அந்தக் கட்டடங்கள். விளம்பரக்காரரின் கணக்கில் அது சரி. அந்தத் தாளைப் பார்த்துப் பெருமைப்பட்டேன். பிறகு அம்மா செய்வது போல் மூலைகளைத் தேடினேன். எங்களை அங்கே காணவில்லை.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 2015 டிசம்பரில், சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' வந்திருந்தது. தோட்டத்திலிருந்து பெயர்ந்து போன குடும்பங்களின் தொண்ணூறுகளைச் சொன்ன படம். அடுத்த ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. அதன் பெயரே நம் வாயில் புழங்கும் மலாய்வழிச் சொல். அப்படி ஒரு பெயரை வைக்கத் துணிந்தவர்களிடம்தான் எனக்கு நம்பிக்கை. நம் இளைஞர்கள் இப்போது படம் எடுக்கிறார்கள், நல்ல படங்களும் எடுக்கிறார்கள். விளம்பரத்துக்கு வரும்போது மட்டும் சென்னையைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். பலவற்றில் தமிழ்ப் பெயர் ரோமன் எழுத்தின் காலடியில் பொடியாகக் கிடக்கிறது. பால்வாளியும் மங்குக் கோப்பையும், மழைக்காலத்தில் வழுக்கும் லயத்துப் படியும் சென்னை ஓவியரால் வரைய முடியாதவை. அவர் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், அல்லது உங்கள் பாட்டி பார்த்திருக்கிறார். கேளுங்கள்.

இப்போதைய விளம்பர முறையைப் பற்றியும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் பார்வை, அசையும் போஸ்டர், டீசர், டிரெய்லர், பாடல் வெளியீடு என்று படிப்படியாக வருகிறது. 2025 டிசம்பர் 27 அன்று 'ஜன நாயகன்' பாடல் வெளியீடு புக்கிட் ஜாலில் அரங்கில் நடந்தபோது, இன்னும் வராத ஒரு படத்துக்காக அந்த விளையாட்டரங்கில் ஜனம் கூடியது. கூட்டமும் ஆரவாரமும் எனக்குப் பிடிக்கும். திடலில் வளர்ந்தவனுக்குப் பிடிக்காமல் இருக்குமா? ஆனால் டிரெய்லர் முழுக்கதையையும் சொல்லிவிடுகிறது. பார்க்கிறவர் கட்டிக்கொள்ள ஒரு கதையும் மிச்சமில்லை. போலந்தில் ஒரு காலத்தில் ஓவியர்கள் நடிகரின் முகமே போடாமல் படத்தின் மனத்தை மட்டும் வரைந்து போஸ்டர் செய்தார்கள். அரசே படங்களை வெளியிட்டதால் முகத்தை விற்க வேண்டிய அவசரம் அவர்களுக்கு இல்லை. நம்மால் முழுக்க அப்படிச் செய்ய முடியாது. முகம் இல்லாத தாளைத் தமிழ் ரசிகன் திரும்பிப் பார்க்கமாட்டான். ஆனால் ஒரு முகத்தைப் போட்டு, அந்த முகம் எதைப் பார்க்கிறது என்பதை மட்டும் மறைக்கலாமே.

சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் பாட்டுப் புத்தகங்களையும் சினிமாத் தாள்களையும் காக்கிறது. 'நாடோடி மன்னன்' காலத்தில் மக்கள் தொடர்பாளராகத் தொடங்கி வாழ்நாள் முழுவதும் படங்களைச் சேர்த்த ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் 2016-இல் மறைந்தார். அதுபோல், இந்த மாநிலத்துத் தோட்டங்களில் என்னென்ன ஒட்டினார்கள், எந்தத் தாள் கடல் தாண்டி வந்தது, எது இங்கேயே அச்சானது என்று சொல்லும் தொகுப்பு நம்மிடம் வேண்டும். உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் பாட்டுப் புத்தகம் இருந்தால், நாட்காட்டிக்குப் பின்னால் மடித்து வைத்த ஒரு தாள் இருந்தால், எரித்துவிடாதீர்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் ஒரு பாடவேளையில் பழைய போஸ்டர் ஒன்றைப் பிள்ளைகள் முன் விரித்து, கதை சொல்லச் சொல்லுங்கள்.

எங்கள் லயத்தை இடித்தபோது நான் போயிருந்தேன். அடுப்பங்கரைப் பலகை இடுக்குகளில் காற்று வராமல் அம்மா தாள் ஒட்டியிருந்தார். தமிழ் நேசன் தாள்கள், ஒரு பிஸ்கட் விளம்பரம், அவற்றுக்கு நடுவே ஒரு சினிமா போஸ்டரின் கீழ்மூலை. அந்த ஒரு பலகையை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். இதோ, இந்த மேசைமேல் வைத்திருக்கிறேன். அடுப்புப் புகையில் பழுப்பேறிப் போயிருக்கிறது. ஒரு பெண்ணின் கை தெரிகிறது, கண்ணாடி வளையல், விரல்கள் எதையோ பிடிக்கப் போகின்றன. கீழே பொடி எழுத்தில் 'சிவகாசி' என்பது மட்டும் மிச்சம். எந்தப் படம் என்று இத்தனை வருடமாக என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கூட்டம் முடிந்ததும் வந்து பாருங்கள். தொடவேண்டாம், தாள் பொரிந்துபோயிருக்கிறது. அந்தக் கை யாருடையது என்று தெரிந்தவர்கள் என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.